பெட்டியை விற்கிறீர்கள், ஸ்பேரையும் விற்கலாமே

குமரி மாவட்டத்தில் கார் ஷோரூமும் வீட்டு உபயோகப் பொருள் கடையும் நடத்தும் முதலாளிமார்களுக்கு,

வணக்கம். திங்கள்சந்தைப் பக்கம் டிவி, ஏசி, வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். 1989-இல் நாகர்கோவில் வடசேரியில் ஒரு ரேடியோ கடையில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் படித்தவன். என் மகன் அழகியமண்டபம் ரோட்டில் கார் வர்க்‌ஷாப் நடத்துகிறான். ஆக, உங்களில் பாதிப்பேர் விற்றது என் மேசைக்கு வரும், மீதிப்பேர் விற்றது அவன் ஜாக்கியில் ஏறும். அந்த உரிமையில்தான் இந்த மடல்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் வளர்ந்திருக்கிறீர்கள், கண்ணால் பார்க்கிறோம். நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணாடி முகப்புக் கடைகளை எண்ணி முடியாது. முன்பு ஒரே கடையில் மிக்ஸி, மின்விசிறி, கெல்ட்ரான் டிவி எல்லாம் இருக்கும், மேலே தூசி படிந்த ஒரு ஃபிரிட்ஜ் இருக்கும். இப்போது டிவிக்கு ஒரு மாடி, ஏசிக்கு ஒரு மாடி. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார், ஏசி, 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவி எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கியது. அன்று காலையிலேயே மாலை போட்ட வண்டிகள் கோயில் வாசலிலும் பள்ளி வாசலிலும் குருசடி முன்பும் நின்றதைப் பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. நீங்கள் விற்றால்தானே ஐந்து வருடம் கழித்து எனக்கு வேலை!

ஆனால் அந்த வேலையைச் செய்ய நீங்கள் விடுவதில்லை. சொல்ல வந்தது அதுதான். பெட்டியை விற்கிறீர்கள், ஸ்பேரை விற்க மறுக்கிறீர்கள்.

உங்கள் வியாபாரம் எதன் மேல் நிற்கிறது என்பதை என்னைவிட உங்களுக்குத் தெரியும். ஆனாலும் சின்ன வயது மேனேஜர்கள் இதைப் படிக்கக்கூடும், அவர்களுக்காகச் சொல்கிறேன். 1980களில் இந்த மாவட்டத்துக்கு எலக்ட்ரானிக்ஸ் வந்தது பெரும்பாலும் கடை வழியாக இல்லை, திருவனந்தபுரம் விமான நிலையம் வழியாக. கயிறு கட்டிய அட்டைப் பெட்டிக்குள் டூ-இன்-ஒன் (ரேடியோவும் கேசட்டும் சேர்ந்தது), பிறகு விசிஆர், பிறகு டிவி. வளைகுடாவிலிருந்து ஆள் வந்து இறங்கினால் ஊரே கூடும். சவூதியிலிருந்து வந்த பெட்டிகளில் ஒரு வில்லங்கம் உண்டு. அங்கே அப்போது வீட்டு மின்சாரம் பல இடங்களில் 110, 127 வோல்ட்தான். இங்கே வந்த வேகத்தில் 230 வோல்ட் பிளக்கில் சொருகுவார்கள். 'டப்' என்று ஒரு சத்தம், கூடவே ஒரு வாசம். வெந்த டிரான்ஸ்ஃபார்மரின் அந்த வார்னிஷ் வாசத்தில்தான் நான் தொழில் படித்தேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் படம் பார்க்கப் பாயோடு வந்திருப்பார்கள், வீட்டுக்காரர் வியர்த்துப்போய் என் முதலாளியைக் கூப்பிட சைக்கிள் அனுப்புவார். அன்று ராத்திரியே திறந்து, காயிலை மறுபடி சுற்றி, மறுநாள் ஓட வைப்போம். எந்த நாட்டில் செய்த பெட்டியாக இருந்தாலும் சரி, திறந்து பார்க்க முடிந்தது. பல பெட்டிகளில் பின்மூடியின் உள்பக்கத்திலேயே சர்க்யூட் படம் ஒட்டியிருக்கும். அதை யாரும் ரகசியம் என்று நினைக்கவில்லை.

வளைகுடாப் பணம் இன்றும் வருகிறது. கூடவே ரப்பர், மீன், அரசுச் சம்பளம், அயல்நாட்டுக்குப் போன நர்ஸ் பிள்ளைகளின் பணம். 2011 கணக்கெடுப்பில் 1,672 சதுர கிலோமீட்டருக்குள் பதினெட்டு லட்சத்து எழுபதாயிரம் பேர், எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். இப்படிப்பட்ட ஊரில் எதை வைத்தாலும் விற்கும். கல்யாணச் சீரைப் பற்றி நான் தனியாக எழுத வேண்டாம். தவக்காலம் தொடங்கும் முன் கல்யாணங்களை முடிக்கிற அவசரத்தில் உங்கள் டெலிவரி வண்டிகள் ஓடுகிற ஓட்டம் போதும். பெண் வீட்டார் எந்தக் கடன் வாங்கி அந்த ஃபிரிட்ஜையும் காரையும் எடுக்கிறார்கள் என்பது வேறு கதை. அதை நினைத்தால் எனக்குக் கோபம் வரும், மடல் திசைமாறிவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன மாதம் ஒரு டீச்சர் டிவியைக் கொண்டுவந்தார். 43 இன்ச், வாங்கி மூன்று வருடம், வாரண்டி முடிந்தது. சத்தம் வருகிறது, படம் இல்லை, திரை கறுப்பு. வாங்கிய கடையில் சொன்னபோது கம்பெனிக்காரரை அனுப்பினார்கள். அவர் டிவியைப் போட்டுப் பார்த்து, போனில் எதையோ தட்டி, "பேனல் போயிருச்சு மேடம், மாத்தணும்" என்று ஒரு தொகை சொன்னார். அந்தத் தொகையோடு இன்னும் நாலாயிரம் போட்டால் புது டிவி. அடுத்த நிமிஷமே எக்ஸ்சேஞ்ச் ஆஃபரையும் அவரே சொன்னாராம்.

நான் டிவியை ஆன் செய்துவிட்டுக் கடை விளக்கை அணைத்தேன். ஒரு டார்ச்சைத் திரையை ஒட்டிச் சாய்வாகப் பிடித்தேன். டார்ச் வெளிச்சம் விழுந்த இடத்தில் மட்டும், ஆழத்தில் கிடப்பது போல, செய்தி வாசிக்கிற பெண்ணின் முகம் மங்கலாகத் தெரிந்தது. டீச்சர் குனிந்து பார்த்து, "அண்ணாச்சி, படம் இருக்கே!" என்றார். இருக்கிறது. பேனல் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குப் பின்னால் வெளிச்சம் தருகிற எல்இடி பட்டைகளில் ஒன்றில் ஒரு பல்பு போயிருக்கிறது. வரிசையாகக் கோர்த்த பல்புகள், ஒன்று போனால் கிறிஸ்துமஸ் சீரியல் செட் மாதிரி முழுதும் அணைந்துவிடும். பேனலைக் கீறாமல், மடங்காமல் தூக்கி வைப்பதுதான் வேலை. இரண்டு பேர் வேண்டும், ஃபேன் ஓடக் கூடாது, மூச்சைக்கூடப் பைய விட வேண்டும். பட்டைக்கு ஆயிரத்துச் சொச்சம், கூலி சேர்த்து இரண்டாயிரத்துக்குள் முடிந்தது.

அந்தப் பட்டையை வாங்க நான் பட்ட பாட்டைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டேன். "வெளி ஆளுக்குக் கொடுக்கிறதில்லை." காசு கொடுத்தாலும் இல்லை, ரசீது போட்டாலும் இல்லை. கடைசியில் சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் சந்தையில் தெரிந்த ஒருவருக்குப் பட்டையின் போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பி, பார்சல் சர்வீஸில் வரவழைத்தேன். நான்கு நாள். வந்தது அசலா நகலா என்று எனக்கே தெரியாது, மூன்று மாதம் எரிந்தால்தான் தெரியும். டீச்சரிடம் அதைச் சொல்லித்தான் பொருத்தினேன்.

இதில் அந்தக் கம்பெனி ஆளைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை வீடு ஏறி இறங்க வேண்டுமோ, அந்தப் பையனுக்கு டார்ச் அடித்துப் பார்க்க நேரம் ஏது? போர்டு, பேனல், இந்த இரண்டில் எதை மாற்றுவது என்று மட்டும்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சாலிடரிங் அயர்ன் அவன் பையிலேயே இல்லை.

இன்னொரு தொல்லை எல்லையால் வருவது. களியக்காவிளை தாண்டினால் கேரளம். விளவங்கோட்டுக்காரர்கள் ஓணம் ஆஃபரில் அந்தப் பக்கம் போய் ஃபிரிட்ஜ் எடுத்து வருவார்கள். பழுதானதும் கால் சென்டருக்குப் போன் போட்டால் முதல் கேள்வி பின்கோடு. 629 என்று தொடங்கினால், நீங்கள் வேறு ஏரியா. திருநெல்வேலியிலிருந்து ஆள் வர வேண்டும், அவர் வாரத்தில் ஒரு நாள்தான் இந்தப் பக்கம் வருவார். வீட்டிலோ ஃபிரிட்ஜுக்குள் மீனும் மருந்தும். 1956 நவம்பர் 1-ஆம் தேதி நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் ஃபிரிட்ஜ் கம்பெனியின் வரைபடத்தில் நாம் இன்னும் எங்கேயும் சேரவில்லை போலிருக்கிறது.

இதையெல்லாம் டெல்லியில் இருக்கிற கம்பெனிக்காரர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், இந்த மண்ணின் குணம் உங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. குளச்சலில் உப்பு, குலசேகரத்தில் ஈரம், ஆரல்வாய்மொழியில் காற்றும் தூசியும். ஒரு மணி நேரப் பயணத்துக்குள் ஒரே மாடல் ஏசி மூன்று விதமாகச் சாகும். முட்டத்தில் கடலைப் பார்த்து மாட்டிய அவுட்டோர் யூனிட்டைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? அலுமினியத் தகடுகள் விரலால் தொட்டால் வெள்ளைப் பொடியாக உதிரும், நொறுங்கிய அப்பளம் மாதிரி. அப்புறம் காயிலில் கண்ணுக்குத் தெரியாத துளை விழும், கேஸ் போகும். கேஸ் சார்ஜ் செய்வோம், இரண்டு மாதத்தில் மறுபடி போகும். வாடிக்கையாளர் என்னைத் திட்டுவார். விற்கும்போதே யாராவது ஒருவர், "கடலைப் பார்த்து மாட்டாதீங்க, வீட்டுக்குப் பின்பக்கம் வைங்க, துரு பிடிக்காத கோட்டிங் உள்ள மாடலை எடுங்க, மாசம் ஒரு தடவை நல்ல தண்ணி அடிச்சுக் கழுவுங்க" என்று சொல்லியிருந்தால் அந்த மெஷின் இன்னும் நாலு வருடம் ஓடும். உங்கள் சேல்ஸ்மேன்களுக்கு ஸ்டார் ரேட்டிங் சொல்லத் தெரிகிறது, மாதத் தவணைக் கணக்கு நுனிநாக்கில் இருக்கிறது. உப்பைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

ஐப்பசி இடியும் அப்படித்தான். மதியம் வரை சுள்ளென்று வெயில், நாலு மணிக்கு மேற்கே கறுத்துக்கொண்டு வரும். ஒரு இடி விழுந்தால் மறுநாள் காலை என் கடை முன்னால் டிவியும் மோடமும் செட்டாப் பாக்ஸும் வரிசையில் நிற்கும். பிளக்கைப் பிடுங்கியிருப்பார்கள், கேபிளைப் பிடுங்கியிருக்க மாட்டார்கள், அது வழியாக அடித்திருக்கும். இதையும் விற்கிற இடத்தில் ஒரு வாக்கியமாகச் சொல்லலாம். ஏசி போர்டில் பல்லி விழுந்து செத்து ஷார்ட் ஆவதைச் சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் நான் எடுத்த பல்லிகளுக்குக் கணக்கே இல்லை.

இப்போது காருக்கு வருகிறேன். மகன் கோபித்துக்கொள்வான், அவன் பங்கையும் சொல்லியாக வேண்டும்.

காரும் எலக்ட்ரானிக்ஸும் இரண்டு தொழில் என்று நாம் நினைத்த காலம் முடிந்துவிட்டது. 1983-இல் வந்த மாருதி 800-இல் கார்புரேட்டரும் கேபிளும் வயரும்தான். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவன் எல்லாம் அதைச் சரிசெய்தான். இன்றைக்கு ஜன்னல் கண்ணாடி ஏற வேண்டும் என்றாலும் ஒரு போர்டு சம்மதிக்க வேண்டும். சீனாவின் பிஒய்டி 1995-இல் பேட்டரி செய்யத் தொடங்கிய கம்பெனி, செல்போன் பேட்டரியில் வளர்ந்து 2003-இல் ஒரு கார் கம்பெனியை வாங்கி அந்தப் பக்கம் போனது. போன் விற்றுப் பெயர் வாங்கிய ஷாவ்மி 2024 மார்ச்சில் கார் விற்பனையைத் தொடங்கியது. உங்களிலேயே சிலர் ஒரு தெருவில் டிவி ஷோரூமும் அடுத்த தெருவில் கார் ஷோரூமும் வைத்திருக்கிறீர்கள். ஆக இப்படி இரண்டும் கலப்பதை எனக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. என் வீட்டிலேயே நடக்கிறது. போன மழையில் மகன் ஒரு காரின் கன்ட்ரோல் யூனிட்டை, அதாவது உள்ளே இருக்கிற குட்டிக் கம்ப்யூட்டரை, ஒரு பாலித்தீன் பையில் போட்டு என் மேசையில் வைத்தான். கார் தானாக ஹாரன் அடிக்கிறது, ராத்திரியில் வைப்பர் ஓடுகிறது, வீட்டில் பேய் என்கிறார்களாம். மூடியைத் திறந்தால் ஒரு மூலையில் ஈரம் இறங்கி, கனெக்டரின் இரண்டு பின்கள் பச்சை பூத்திருந்தன. ஐபிஏ (போர்டு துடைக்கிற ஆல்கஹால்) ஊற்றிப் பல் தேய்க்கிற பிரஷ்ஷால் தேய்த்து, பின்னை மறுபடி சாலிடர் செய்து, லாக்கர் பூசிக் கொடுத்தேன். அரை மணி நேர வேலை. பேய் போய்விட்டது. ஷோரூமில் அந்த யூனிட்டைப் புதிதாக மாற்றச் சொன்ன விலையை எழுதினால் நம்ப மாட்டீர்கள், விடுங்கள்.

ஆனால் எல்லா நாளும் இப்படி அமையாது. யூனிட்டை மாற்றியே ஆக வேண்டிய இடத்தில் அவன் கை கட்டப்பட்டு நிற்கிறான். வெளியே வாங்கிப் பொருத்தினாலும் கம்பெனியின் கம்ப்யூட்டரில் பதிவு செய்யாமல் வண்டி ஏற்காது. சாவி தொலைந்தாலும் அங்கேதான் போக வேண்டும். அவன் வாங்கி வைத்திருக்கிற ஸ்கேன் டூல் கோளாறைச் சொல்லும், சரிசெய்ய அனுமதி தராது. நோய் எதுவென்று தெரியும், மருந்துக்கடை மட்டும் நமக்குத் திறக்காது.

இந்தக் கதவு சட்டப்படி அடைத்து வைக்க வேண்டிய கதவு இல்லை. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. ஸ்பேரையும் பழுது பார்க்கும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்கிறார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு. மேல்முறையீடு, கோர்ட் என்று அது நீண்டுகொண்டு போனது, உங்களுக்குத் தெரிந்த கதைதான். 2022-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுது பார்க்கும் உரிமை' என்று ஒரு குழு போட்டு, அந்த வருடக் கடைசியில் ஒரு இணையதளமும் திறந்தது. கார், போன், வீட்டு உபயோகப் பொருள், விவசாயக் கருவி நான்கையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். ஆக, நான் கேட்பது வானத்து நிலாவை இல்லை.

கம்பெனி விதி, நாங்கள் என்ன செய்ய முடியும் என்று நீங்கள் சொல்வீர்கள். பாதி உண்மை. ஆனால் கம்பெனி எத்தனை நாள் உங்களோடு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? 2017 கடைசியோடு செவ்ரோலே இந்தியாவில் கார் விற்பதை நிறுத்தியது. 2021 செப்டம்பரில் ஃபோர்டு இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. பெயர்ப் பலகை இறங்கியது, அதே கட்டடத்தில் வேறு கம்பெனிப் பலகை ஏறியது. ஆனால் விற்ற வண்டிகள் எங்கேயும் போகவில்லை. இன்றும் கருங்கல் சந்தைக்கு மரச்சீனி ஏற்றிப் போகிற ஒரு செவ்ரோலே டவேரா மகனிடம்தான் வருகிறது. டிவியில் டயனோரா, சாலிடேர் என்று சென்னையில் செய்த பெயர்களெல்லாம் இன்று எங்கே? அந்தக் கம்பெனிகள் போன பிறகும் பத்து வருடம் அந்தப் பெட்டிகளை ஓட வைத்தது நாங்கள்தான். கம்பெனி மாறும், ஷோரூம் மாறும், வாடிக்கையாளர் எங்களைத்தான் தேடி வருவார்.

இப்போது தூத்துக்குடியில் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் தொழிற்சாலை 2025 ஆகஸ்ட் 4-ஆம் தேதி திறந்தாகிவிட்டது. முதலில் வருடத்துக்கு 50 ஆயிரம் கார் செய்யக்கூடிய அளவு என்கிறார்கள். நம் ஊரிலிருந்து காலையில் புறப்பட்டால் பத்து மணிக்கு வாசலில் நிற்கலாம். நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைத்தால் நல்லது, அந்த வண்டிகளும் நன்றாக ஓடட்டும். ஆனால் வின்ஃபாஸ்ட் சேர்ந்திருக்கிற குழுமத்துக்கு முன்பு செல்போனும் டிவியும் செய்கிற தனிக் கம்பெனி இருந்தது, 2021-இல் அதை நிறுத்திக் காரில் முழுக் கவனத்தையும் வைத்தார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? அவர்களைக் குற்றம் சொல்லவில்லை, வியாபாரம் அப்படித்தான். அந்தப் போனை வாங்கியவன் ஸ்பேருக்கு யாரிடம் போயிருப்பான் என்று மட்டும் யோசிக்கிறேன்.

ஒரு வேடிக்கை. மின்சாரக் காரின் மோட்டாரில் இருக்கிற காந்தத்துக்கு நியோடிமியம் என்ற உலோகம் வேண்டும். அது மோனசைட் என்ற கனிமத்திலிருந்து கிடைக்கும். அந்த மோனசைட் நம் மணவாளக்குறிச்சி மணலில் இருப்பதை 1909-லேயே ஒரு ஜெர்மன்காரர் கண்டுபிடித்தார். 2025 ஏப்ரலில் சீனா இந்த வகைக் காந்தங்களின் ஏற்றுமதியை இறுக்கியதும் கார் கம்பெனிகள் எல்லாம் தவித்தன. மணல் எடுக்கலாமா கூடாதா என்பது நம் கடற்கரையில் பெரிய சண்டை, அதை இங்கே இழுக்கவில்லை. மூலப்பொருளுக்கு நம் ஊர் நினைவுக்கு வருகிறது, ஸ்பேருக்கு வருவதில்லை, அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது நியாயமான மடல் ஆகாது. பழைய போர்டைப் புதிது என்று மாட்டிக் காசு வாங்கும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். கேஸ் போடாமலே போட்டேன் என்பவர்களும் உண்டு. ஏசியில் இப்போது ஆர்-32 கேஸ், தீப்பிடிக்கக் கூடியது. அதைப் பழைய ஆர்-22 மாதிரி நினைத்துக் கையாள்கிற ஆட்களைப் பார்த்தால் எனக்கே வயிறு கலங்கும். மின்சாரக் காரில் 300, 400 வோல்ட் டிசி ஓடுகிறது, ஆரஞ்சு நிற வயரைத் தெரியாதவன் தொட்டால் ஆள் மிஞ்ச மாட்டான். அதனால் எவன் வந்து கேட்டாலும் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கற்றுக்கொடுங்கள் என்று கேட்கிறேன். கோணத்தில் அரசு ஐடிஐ இருக்கிறது, பக்கத்திலேயே பாலிடெக்னிக் இருக்கிறது. உங்கள் கம்பெனி டிரெய்னர் வருடத்துக்கு இரண்டு தடவை வருகிறாரே, அந்த இரண்டு நாளில் ஒரு நாள் வெளி மெக்கானிக்குகளையும் உட்கார வையுங்கள். கட்டணம் வாங்கிக்கொள்ளுங்கள், பரீட்சை வையுங்கள், தேறியவனுக்கு ஒரு அட்டை கொடுங்கள். அட்டை வைத்திருப்பவனுக்கு உங்கள் கிடங்கிலிருந்து பில் போட்டு ஸ்பேர் கொடுங்கள். எம்ஆர்பி விலைக்கே கொடுங்கள், தள்ளுபடி வேண்டாம். உங்களுக்கும் அதில் லாபம்தானே? ரிச்சி தெருவுக்கும் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்கும் போகிற காசு வடசேரியிலேயே நிற்கும்.

டெல்லி, குருகிராம் போய் அனுமதி வாங்க வேண்டிய விஷயங்கள் இருக்கும், தெரியும். கன்ட்ரோல் யூனிட்டுக்குப் பாஸ்வேர்டு கொடுப்பது உங்கள் கையில் இல்லை. ஆனால் பேக்லைட் பட்டை, டிரம் பேரிங், ஃபேன் மோட்டார், டோர் கேஸ்கட், சஸ்பென்ஷன் புஷ், கதவு லாக்? இதற்கெல்லாம் எந்தப் பாஸ்வேர்டும் இல்லை. இதையாவது கவுன்டரில் வைத்து விற்கலாமே.

எக்ஸ்சேஞ்சில் எடுக்கிற பழைய பொருள்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிற மின்னணுக் கழிவு விதிகளின்படி அவற்றை முறையான மறுசுழற்சிக்கு அனுப்புகிற பொறுப்பு உற்பத்தியாளருடையது. நடப்பதோ, உங்கள் பின்வாசலிலிருந்து ஒரு டெம்போவில் ஏறி ஆக்கர் கடைக்கு (பழைய சாமான் கடைக்கு) போகிறது. அங்கே வயரை எரித்துச் செம்பு எடுப்பார்கள், பழைய டிவி டியூபை உடைத்துப் போடுவார்கள். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. நான் ஆக்கர் கடைக்காரர்களோடு சண்டை போடவில்லை, எனக்கே பாதி ஸ்பேர் அங்கிருந்துதான் வருகிறது, உங்கள் புண்ணியத்தில். எக்ஸ்சேஞ்சில் வந்த டிவியில் நல்ல பவர் போர்டு இருக்கும், வாஷிங் மெஷினில் நல்ல மோட்டார் இருக்கும். அனுப்புவதற்கு முன் எங்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டால் நல்லதைக் கழற்றி எடுத்துவிட்டு, மீதியை விதிப்படி அனுப்பலாம்.

விற்கும்போது இன்னொரு சின்ன வேலையும் செய்யலாம். பில்லின் பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது. இந்த மாடலுக்கு நாகர்கோவிலில் சர்வீஸ் உண்டா, திருநெல்வேலியிலிருந்து வர வேண்டுமா, ஸ்பேர் எத்தனை வருடம் கிடைக்கும் என்று மூன்று வரி அச்சடியுங்கள். இதனால் சில மாடல்கள் விற்காமல் போகலாம். போகட்டும், விற்க வேண்டியவை விற்கும். வாங்குகிறவர் நம் ஊர்க்காரர், ஞாயிற்றுக்கிழமை கோயிலிலோ கல்யாண வீட்டிலோ உங்கள் முகத்தைப் பார்க்கப் போகிறவர்.

நேரில் பேசவும் தயார். தக்கலை, மார்த்தாண்டம், நாகர்கோவில் எங்கே கூப்பிட்டாலும் நாங்கள் ஏழெட்டுப் பேர் வருவோம். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், எங்கள் ஊர்ச் சந்தை நாள், கடையை அடைக்க முடியாது.

கடைசியாக ஒன்று. முட்டத்திலிருந்து ஒரு அக்கா கொண்டுவந்த ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏசியின் அவுட்டோர் போர்டு என் கடையில் 23 நாளாகக் கிடக்கிறது. வீட்டுக்காரர் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார், அவருக்காக வாங்கிய ஏசி அது. இரண்டு நாளைக்கு ஒரு தடவை வந்து, "மக்கா, இது இனி ஓடுமா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார். ஓடும், அக்கா. அதில் ஒரே ஒரு பவர் மாட்யூல்தான் போயிருக்கிறது. கம்பெனியில் மாட்யூல் தனியாகத் தர மாட்டார்கள், முழு போர்டாக வாங்கலாம், அதையும் வெளி ஆளுக்குத் தர மாட்டார்கள். உங்களில் யாரோ ஒருவரின் கிடங்கில் அந்தப் போர்டு இருக்கிறது என்று உங்கள் டெலிவரிப் பையன் ஒருவனே என்னிடம் சொன்னான். எந்தக் கடை என்று நான் எழுதவில்லை, படிக்கிறபோது உங்களுக்கே தெரியும். ஆள் அனுப்புகிறேன், முழு விலைக்குப் பில் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
திங்கள்சந்தையிலிருந்து ஒரு மெக்கானிக்